காவுதடியில் வந்த அதிகாரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, விடுமுறை நாளிலும் மண்டபத்தைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஐயா அவர்களே! ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் நான் மேலே போகக் கூடாது. பணியில் இருந்த காலமெல்லாம் மனு கொடுக்க வந்தவர் கையால் ஒரு வாய்த் தேநீர்கூட வாங்கிக் குடிக்காதவர். இந்தத் தலைப்பை அவர் முன்னால் பேசக் கிடைத்தது என் பேறு. தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சீன நாட்டுப்புற ஆட்டம் ஒன்றைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன். அந்த ஆட்டம், அதிகாரியைக் கேலி செய்யும் அந்த வழக்கத்தின் வேர், அதில் நமக்குள்ள பாடம்.

பெய்ஜிங்குக்கு மேற்கே மியாவ்ஃபெங் என்றொரு மலை. அங்கே பிஷியா யுவான்ஜுன் என்ற பெண்தெய்வம். சீனர்களின் நான்காம் மாதத்தில் முதல் 15 நாளும் திருவிழா. சிங்க ஆட்டம், கட்டைக்கால் ஆட்டம் என்று குழுக்கள் வரிசையாக மலையேறும். அதில் ஒன்று ‘காங்சியாங்’, பெட்டி காவுகிற ஆட்டம். அந்தக் குழுவில் ஒரு அதிகாரி வருவார். பல்லக்கு கிடையாது. இரண்டு பேர் தோளில் ஒரு காவுதடி, அதன்மேல் அவர். தடி குலுங்கும், அவரும் குலுங்குவார். முகத்தில் கோமாளி ஒப்பனை. வழியில் யார் வேண்டுமானாலும் மறித்து வழக்குச் சொல்லலாம். அவர் தடியில் ஆடிக்கொண்டே கோணல் தீர்ப்புச் சொல்வார், சனம் சிரிக்கும். பெய்ஜிங் இசைநாடக மேடையிலும் இதே கதைதான். நேர்மையான அதிகாரியின் தொப்பியில் இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறகு சதுரம், கோமாளி அதிகாரிக்கு வட்டம். தூரத்தில் வரும்போதே ஆள் யாரென்று தெரிந்துபோகும். வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி என்று நம் பாட்டி கேட்டாள். அங்கே அதை ஆடிக் கேட்டார்கள்.

இனி வேர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள். ஏறக்குறைய 1,700 ஆண்டுக்கு முன், 319 முதல் 333 வரை வட சீனத்தை ஆண்ட அரசன் ஷி லே. அவனிடம் சோவ் யென் என்றொரு அதிகாரி, குவான்தாவ் என்ற ஊருக்குப் பொறுப்பாளர். அரசுப் பட்டில் பல நூறு சுருளைச் சுருட்டிக்கொண்டார். பிடித்தார்கள், சிறையில் போட்டார்கள், பிறகு மன்னித்தும் விட்டார்கள். ஆனால் அரசன் மறக்கவில்லை! அதற்குப் பிறகு எப்போது பெரிய விருந்து நடந்தாலும், ஒரு கோமாளிக்கு அதிகாரித் தலைப்பாகை கட்டி, மஞ்சள் பட்டு அங்கி போட்டு நிறுத்தச் சொன்னான். இன்னொரு கோமாளி கேட்பான்: “நீ என்ன அதிகாரி? எங்கள் கோமாளிக் கூட்டத்தில் எப்படி வந்து சேர்ந்தாய்?” “நான் குவான்தாவ் அதிகாரி.” சொல்லிவிட்டு அந்தப் பட்டு அங்கியை உதறிக் காட்டுவான். “இதை எடுத்தேன், உங்களோடு வந்து சேர்ந்தேன்!” சபையே சிரிக்கும். ஒரு தடவை அல்ல, விருந்துக்கு விருந்து இதே கூத்து. சிறை சில நாளில் முடிந்தது, சிரிப்பு முடியவே இல்லை. அந்த அதிகாரியின் பதவிப் பெயரே, ‘சான்ஜுன்’ என்று, ஒரு நாடக வகைக்குப் பெயராகித் தாங் அரசர் காலத்தில் கொடிகட்டிப் பறந்தது.

தோழர்களே, சிரித்தது போதுமா? வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி? என் தகப்பனார் இறந்தபின் வாரிசுச் சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு மாதம் நடந்தேன். என்ன கட்டணம், எத்தனை நாள் என்று சொல்ல ஒரு பலகை அங்கே இல்லை. இடைத்தரகர் மட்டும் இருந்தார். அன்றிலிருந்து நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு அலுவலக வாசலிலும் கட்டணப் பலகை வேண்டும், பாட்டி படிக்கிற அளவு பெரிய எழுத்தில். சீனத்துச் சனத்துக்கு வழக்கை மறித்துச் சொல்லத் திருவிழா வர வேண்டியிருந்தது. நமக்கு 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். நான் எழுதினேன். சான்று வந்தது.

வாசலில் நீலச் சேலை கட்டிய தங்கையிடம் விண்ணப்பத் தாள்கள் இருக்கின்றன. பட்டா மாறாதவர், முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர் யாரும் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். உட்காருங்கள், இன்றைக்கே சேர்ந்து எழுதுவோம். பேனா கொண்டுவந்திருக்கிறேன்.