அடிச்சு வாங்குன வாக்குமூலம் கோர்ட்டுல நிக்குமா?

பெரியவங்க, அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கோயில் ஹால்ல சட்டம் பேச எடம் கொடுத்த கமிட்டிக்கு நன்றி, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம தென்னாப்பிரிக்காவுல, இங்க டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்துலயோ ஃபீனிக்ஸ்லயோ நம்ம பையன் ஒருத்தனை போலீஸ் பிடிச்சா வீட்டுல என்ன சொல்றோம், "சாமி, அவங்க கேக்கறத ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுட்டு வந்துருப்பா, அப்புறம் லாயர் பாத்துக்குவார்"னு. பாசத்துலதான் சொல்றோம். ஆனா அந்த கையெழுத்து ஒரு தடவை கோர்ட்டுக்குள்ள போயிருச்சுன்னா அத உடைக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

1977-ஆம் வருஷத்து கிரிமினல் புரோசீஜர் ஆக்ட்ல 217-ஆவது பிரிவு இருக்கு. வாக்குமூலம், அதாவது குத்தத்த முழுசா ஒத்துக்கறது, செல்லணும்னா தானா மனசு வந்து சொல்லியிருக்கணும், போதை இல்லாம தெளிஞ்ச புத்தியோட சொல்லியிருக்கணும், யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இருக்கக்கூடாது. சாதாரண கான்ஸ்டபிள்கிட்ட குத்தத்த ஒத்துக்கிட்டா மட்டும் பத்தாது, மேஜிஸ்ட்ரேட் இல்லன்னா ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் (சட்டப்படி அந்த அதிகாரம் உள்ள அலுவலர்) முன்னாடி உறுதி பண்ணி எழுதணும். ஆனா இங்கதான் நெறைய பேர் மாட்டிக்கறாங்க, "ஆமா சார், நான் அங்க இருந்தேன், ஆனா குத்தலை"ன்னு வண்டியில போறப்ப பேச்சுவாக்குல சொன்னா அது முழு வாக்குமூலம் ஆகாது, அதனால அந்த எழுத்து விதியும் அதுக்கு கிடையாது, தானா சொன்னதுன்னு காட்டிட்டா போதும், உங்களுக்கு எதிரா வச்சிருவாங்க. ஒருத்தன் கொடுத்த வாக்குமூலத்த வச்சு கூட்டாளிய தண்டிக்க முடியாது, அது 219-ஆவது பிரிவு.

முந்தியெல்லாம் மேஜிஸ்ட்ரேட் எழுதுன பேப்பர்ல "தானா சொன்னேன்"னு இருந்தா கோர்ட் அத உண்மைன்னே எடுத்துக்கும், அடிச்சாங்கன்னு நிரூபிக்க வேண்டியது அடி வாங்குனவன் பாடு. பூட்டுன ரூமுக்குள்ள அவனுக்கு சாட்சி யாருங்க? 1995 ஏப்ரல்ல நம்ம கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் (அரசியலமைப்பு கோர்ட்) கொடுத்த முதல் தீர்ப்பே இதப்பத்தித்தான், ஸ்டேட் வெர்சஸ் ஸூமா (பிரெசிடென்டா இருந்த ஸூமா இல்ல, அவர் வேற), நேட்டால் கேஸ், ஜட்ஜ் கென்ட்ரிட்ஜ் எழுதுனது. தானா சொன்னதுதான்னு சந்தேகத்துக்கு எடமில்லாம ஸ்டேட்தான், அதாவது அரசு தரப்புதான், நிரூபிக்கணும்னு ஆயிருச்சு. எனக்கு இந்த நாட்டுல ரொம்ப பெருமையான தீர்ப்புகள்ல அது ஒண்ணு.

ஏன் அதையே முதல்ல தொட்டாங்கன்னு இங்க இருக்கற பெரியவங்களுக்கு சொல்லவே வேணாம். நிறவெறி ஆட்சி காலத்துல வந்த 1967 டெரரிஸம் ஆக்ட்ல கேஸே போடாம, லாயரை பாக்க விடாம எத்தனை நாள் வேணும்னாலும் அடைச்சு வைக்கலாம். அகமத் டிமோல்னு ஒரு ஸ்கூல் வாத்தியார், 29 வயசு, 1971 அக்டோபர்ல ஜோஹன்னஸ்பர்க் ஜான் வோர்ஸ்டர் ஸ்கொயர் போலீஸ் ஸ்டேஷன்ல விசாரணையில இருந்தவர் பத்தாவது மாடியிலேர்ந்து விழுந்து செத்தார். அடுத்த வருஷம் ஒரு மேஜிஸ்ட்ரேட் தற்கொலைன்னு எழுதிட்டார், குடும்பம் விடல, 2017-லதான் ஜட்ஜ் மோத்லே அது கொலைன்னு சொன்னார். நாப்பத்தாறு வருஷம்!

இப்ப நம்ம கான்ஸ்டிடியூஷனோட 35-ஆவது பிரிவு நம்ம கையில இருக்கு. பேசாம இருக்கலாம், லாயர் கேக்கலாம், காசு இல்லன்னா லீகல் எய்டுக்கு (சட்ட உதவிக்கு) போகலாம், பொதுவா 48 மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுக்கு கூட்டிட்டு போயே ஆகணும். மேஜிஸ்ட்ரேட் எழுதறதுக்கு முன்னாடி "யாராச்சும் அடிச்சாங்களா, ஏதாச்சும் தர்றேன்னு சொன்னாங்களா"ன்னு கேப்பார். அடி பட்டிருந்தா அங்கயே, அப்பவே சட்டைய தூக்கி காட்டச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லி கேக்கச் சொல்லுங்க. இத பையன் மாட்டுனப்புறம் இல்ல, இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல உக்காந்து சொல்லிருங்க.