மணலுக்குள் ஓடும் பாலாறு

நேயர்களுக்கு வணக்கம். காட்பாடிப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது கீழே பார்த்து, "ஆறு செத்துப்போச்சு" என்று சொல்லாதவர் குறைவு. நந்தி மலைப் பக்கம் பிறந்து மூன்று மாநிலம் கடந்து வரும் பாலாறு, வருஷத்தில் பெரும்பாலும் மணலுக்குள்தான் ஓடும். மணல்தான் அதன் ஏரி.

வீட்டிலேயே பார்க்கலாம். 10 லிட்டர் பக்கெட் நிறையக் காய்ந்த ஆற்று மணலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். சுமார் 3 லிட்டர் குடிக்கும். அடியில் ஓட்டை போட்டால் அதில் பாதிக்கு மேல் திரும்பி வரும். பாக்கி மணலை விட்டு வராது.

அந்தத் தண்ணீரை எஞ்சின் இல்லாமல் வயலுக்குக் கொண்டுவந்தது வட ஆற்காட்டின் ஊற்றுக்கால், அதாவது ஆற்று மணலில் வெட்டும் ஊற்றுக் கால்வாய். ஆற்றுப் படுகை ஒரு மைலுக்கு 10 அடி இறங்குகிறது என்று வையுங்கள். மணலில் 6 அடி ஆழத்தில் தலைப்பை, அதாவது கால்வாய் தொடங்கும் இடத்தை, வைத்து, கால்வாயை மைலுக்கு 4 அடி மட்டும் இறக்கினால், ஒரு மைல் தள்ளித் தண்ணீர் தானே தரைக்கு வந்துவிடும். ஆற்றைவிடக் கால்வாய் சாய்வு குறைவு, சூட்சுமம் அவ்வளவுதான்.

வெட்டுவது கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி. அப்போதுதான் ஊறுகிற தண்ணீர் வடிந்துகொண்டே போகும். கரையைச் செங்குத்தாக வெட்டினால் அன்றைக்கே சரியும். 6 அடி ஆழத்துக்கு மேல்வாய் அகலம் 20 அடிக்குக் குறையக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் தூர்த்துவிடும். தண்ணீர் வடிந்ததும் ஊர் கூடி மறுபடி வாரவேண்டும். வெள்ளம் செய்கிற கெடுதல் இவ்வளவே, வாரினால் சரியாகிவிடும்.

மணல் அள்ளுகிற கெடுதல் அப்படியல்ல. தலைப்புக்குப் பக்கத்தில் 10 அடிக் குழி விழுந்தால் ஊற்று குழிக்குப் போகும், கால்வாய் காயும். இன்னும் 4 அடி ஆழப்படுத்தலாமே என்பார்கள். படுத்தலாம், ஆனால் தண்ணீர் தரைக்கு வர இன்னும் மூன்றில் இரண்டு பங்கு மைல் வேண்டும். நடுவிலுள்ள வயலுக்கு ஏறாது. 200 கன அடி மணல், அதாவது 2 யூனிட் லாரி, போகும்போது 1,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் தங்கும் இடமும் கூடவே போகிறது. திரும்பச் சொல்கிறேன், மணல்தான் ஏரி.

ஜவ்வாது மலைக்கு வருவதற்குள் நேரம் ஆகிவிட்டது. சுருக்கமாக: அந்த மலையின் அமிர்திக் காட்டு மழை வேலூருக்கு வராது, நாகநதியாக ஆரணிப் பக்கம் போய், செய்யாற்றில் கலந்து, திருமுக்கூடலில்தான் பாலாற்றைச் சேரும். சருகு மெத்தையுள்ள சரிவில் மழை நின்ற பிறகும் ஓடை கசியும். சருகு எரிந்த சரிவில் மழைத் தண்ணீர் செம்மண்ணோடு ஒரே மூச்சில் இறங்கும்; அந்த வண்டல், ஆற்று மணலின் இடுக்கை அடைத்துவிட்டால், மேலே தண்ணீர் தேங்கினாலும் உள்ளே இறங்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வணக்கம்.