எரியும் தாளும் ஆடிக் காற்றும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. பொள்ளாச்சியில் ஆடி மாதக் காற்றைச் சொல்லவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சட்டென்று வீசும், சட்டென்று ஓயும். இன்றைக்கு அதை வைத்தே ஒரு சோதனை.

இந்தத் தாளை வெடியுப்புக் கரைசலில் நனைத்து நிழலில் காயவைத்தேன். கீழ் ஓரம் முழுக்க ஊதுபத்தியால் பற்றவைத்திருக்கிறேன். சுடர் வராது, கனல் மட்டும் மெதுவாக மேலே ஏறும். ஆரம்பத்தில் நேர்கோடாக இருந்தது. இப்போது கேமராவைக் கிட்டக் கொண்டுபோகிறேன், பாருங்க. விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் பற்கள். அங்கங்கே பெரிய வளைவுகளும் வந்துவிட்டன.

இப்படி வளரும் விளிம்புகளுக்கு கர்தார், பரிசி, ஜாங் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 1986-ல் ஒரு சமன்பாடு எழுதினார்கள். இந்த மாதிரிக் கோட்டுக்கு அது சொல்லும் கணக்கு: நேரம் 8 மடங்கானால் விளிம்பின் மேடுபள்ளம், அதாவது ஏற்ற இறக்கத்தின் அளவு, 2 மடங்காகும். பின்லாந்தில் யுவாஸ்குலா நகரத்து ஆய்வாளர்கள் தாளை எரித்தே இதைச் சோதித்து 1997-ல் வெளியிட்டார்கள்.

சரி, சன்னலைத் திறக்கிறேன்.

பார்த்தீங்களா, கனல் வேகம் எடுக்கிறது! பொடிப் பற்கள் அதற்குள் வேறு மாதிரி ஆகிவிட்டன. ஆனால் இடது பக்கம் ஒரு விரல் அகலத்துக்குப் பின்தங்கியிருக்கிற அந்தக் குழிவு? காற்று வருவதற்கு முன்பே உண்டானது, இன்னும் அப்படியே தெரிகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே இதுதான். காற்று முழு விளிம்பிலும் ஒரே நேரத்தில் பட்டாலும், பழைய வடிவம் எல்லா அளவிலும் ஒன்றாக அழிவதில்லை.

கனலில் ஒரு புள்ளி தன்னை ஒட்டிய இடத்தைத்தான் சூடேற்றும். அதனால் ஓரிடத்துப் பாதிப்பு தூரத்துக்குப் போக நேரமாகும். அதே சமன்பாட்டின் கணக்குப்படி, 8 மடங்கு நேரத்தில் 4 மடங்கு தூரம்தான். சின்னப் பல் சீக்கிரம் மாறும், அகலமான குழிவு மெல்ல மெல்லத்தான் நிரம்பும்.

வீடியோவை நிறுத்தி அளக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மொத்த மேடுபள்ளத்தையும் ஒரே எண்ணாக எடுத்தால் பழையதும் புதியதும் கலந்து வரும். மில்லிமீட்டர் அளவில் தனியாக, சென்டிமீட்டர் அளவில் தனியாக எடுங்க. அப்புறம், வீட்டில் செய்தால் பெரியவர்கள் கூட இருக்கணும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கணும். சன்னலுக்குப் பதில் மின்விசிறி வைத்தால் காற்றின் வேகம் உங்கள் கையில் இருக்கும்.