ஏட்டுச் சுரைக்காயும் எழுத்தாணியும்

(தக்கலை வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சியை விட்டுவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, தூறலில் நனைந்து வந்த தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். பின்னால் நிற்கும் பனையேறித் தொழிலாளர்களுக்குத் தனி வணக்கம். அவர்களுக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள்.

ஏடு, அகப்பை, வெற்றிலை. இந்த மூன்றையும் சுற்றிப் பிறந்த பழமொழிகளையும் பழக்கங்களையும் பேச வந்தேன். ஏட்டில் தொடங்குகிறேன்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது." இங்கே ஏடு என்பது காகிதமல்ல, பனை ஓலை. குருத்து சுருண்டுவிடும், முற்றியது ஒடிந்துவிடும். இடைப்பட்ட ஓலையை வெட்டி, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, நிழலில் உலர்த்துவார்கள். வெயிலில் போட்டால் நெளியும். பிறகு மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து, மறுபடி உலர்த்தி, பாரம் ஏற்றிப் படியவைத்து, சங்கால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். எழுத்தாணியால் கீறிய எழுத்து அப்போதே கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக் கரியும் கோவையிலைச் சாறும் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். பிள்ளையின் முதல் ஏட்டுக்கு மையும் மஞ்சளும் பூசும் சடங்குக்கு மையாடல் என்று பெயர். சடங்கு என்று நாம் நினைப்பது, எழுத்தைத் தெரியவைக்கும் வேலை!

பிள்ளையார் சுழி ஓலையின் பதம் பார்க்கப் பிறந்தது என்பார்கள். எழுத்தாணி பிடித்தவருக்கு அது பொருத்தமாகவே படும். வளைவில் ஓலை கிழிகிறதா, நேர்கோட்டில் பிளக்கிறதா என்று ஒரே சுழியில் தெரிந்துவிடும். எகரக் குறிலுக்கு உரிய புள்ளியைக் குத்தினால் ஓலையில் ஓட்டை விழும் என்று அதை விட்டே எழுதினார்கள். அதனால் செடியா சேடியா என்று வாசிப்பவர் திண்டாடினார். வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து இரட்டைச் சுழிக் கொம்பு தந்தபின் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

பழக்கத்தின் காரணம் மறந்தால் என்ன ஆகும்? உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனார். பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்த ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்வி. எவ்வளவு ஆசையோடு போயிருப்பார்! கோயில் அலுவலரிடம் விசாரித்தார். "கணக்குச் சுருணைகளோடு கூளமாக எவ்வளவோ ஏடு கிடந்ததே" என்றார் அவர். "எங்கே அவை?" பழைய ஏட்டைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஓமம் செய்ய வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம்! குழி வெட்டி, தீ வளர்த்து, அத்தனையையும் ஆகுதி செய்துவிட்டார்களாம். ஐயோ! அப்படி ஓர் ஆகமம் இருந்தால் முதலில் அதையல்லவா தீயில் போட வேண்டும் என்று ஐயர் மனம் கொதித்தார். பூச்சி அரித்த ஏட்டைப் பார்த்துப் புது ஓலையில் படி எடுத்த பிறகு பழையதை விடுவதுதான் முறை. படி எடுப்பது நின்றுபோனது, விடுவது மட்டும் மிஞ்சியது.

இன்று படி எடுக்க ஓலைக்கு எங்கே போவோம்? குளக்கரைப் பனையெல்லாம் செங்கல் சூளைக்குப் போகிறதே! ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று 2021இல் அரசு அறிவித்தது. அறிவிப்பு தாளில் மட்டும் இருந்தால் அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். உறுப்பினர் அம்மா இதை மன்றத்தில் எழுப்ப வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அகப்பைக்கும் வெற்றிலைக்கும் நேரமில்லை. தலைவர் மணி பார்க்கிறார், பொறுத்துக்கொள்ளுங்கள். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பதில் உள்ள சட்டியைச் சஷ்டி விரதம் என்று திரிக்காதீர்கள் என்பதோடு விடுகிறேன்.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்குக் குளக்கரைக்கு வாருங்கள். புரட்டாசியில் விழுந்த பனங்கொட்டை போதும், ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பத்தடிக்கு ஒன்று, ஓரடிக் குழி. தொட்டியில் முளைக்கவைத்துக் கொண்டுவர வேண்டாம். மேலே ஓலை தெரியுமுன்பே கிழங்கு கீழே இறங்கிவிடும், பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. பையன்கள் கிழங்குக்குத் தோண்டிவிடாமல் வேலிமுள் போட வேண்டும். முள் வெட்ட நான்கு அரிவாள் தேவை, கொண்டுவருபவர்கள் நூலகரிடம் பெயர் கொடுங்கள்.