இரண்டாம் வரிசையில் நில்லுங்கள்

(மும்பை மாட்டுங்காவில், பெரியவர்களான பிறகு பரதம் கற்க வந்திருப்பவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் எல்லோருக்கும் வணக்கம். வாசலை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். நான் இன்று பேச வந்ததே உங்களிடம்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் டோம்பிவிலியிலிருந்து ஒரு பெண்மணி என் வகுப்புக்கு வந்தார். வங்கி வேலை, வயது 42. ஃபாஸ்ட் லோக்கலில் தாதர் வரை வந்து, ஒரு ஸ்டேஷன் திரும்பி மாட்டுங்கா வர வேண்டும். அவ்வளவு தூரம் வந்தவர், செருப்பைக் கழற்றவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாவது வாரம் நான் வெளியே போய்க் கேட்டேன்.

“டீச்சர், ஆட்டம் வராதுன்னு எனக்குப் பயமில்ல. இந்தச் சின்னப் பசங்க நடுவுல நான் எப்படித் தெரிவேன்னு நெனச்சாத்தான் காலே எழும்ப மாட்டேங்குது” என்றார்.

பயமும் கூச்சமும் வேறு வேறு என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. பயப்படுகிறவருக்குத் தைரியம் சொல்லலாம். கூச்சப்படுகிறவரிடம் “தைரியமா ஆடுங்க” என்றால், எல்லோர் கண்ணும் அவர் மேல் திரும்பி, கூச்சம் இரட்டிப்பாகிவிடும். கூச்சத்துக்கு ஆறுதல் வேண்டாம், வேலை வேண்டும். மனசு தன்னையே பார்த்துக்கொண்டிருக்க விடாமல் வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கொடுக்க வேண்டும்.

நம் பெரியவர்கள் அந்த வேலையைப் பாடத்திலேயே வைத்திருக்கிறார்கள். முதல் பாடம் தட்டடவு, அதாவது காலைத் தட்டிப் பழகும் அடிப்படை அசைவு. கை இரண்டும் இடுப்பில். முகத்தில் பாவம் எதுவும் வேண்டாம். கால் மட்டும் தரையைத் தட்ட வேண்டும்: தை யா தை. அந்தச் சொல்லை வாயால் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். படபடப்பு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், நெஞ்சு இன்னும் அடித்துக்கொள்ளும். வாய்விட்டுச் சொல் சொல்லும்போது மூச்சை அடக்கி வைக்க முடியாது. மூச்சு நீளமாக வெளியே போகப் போக நெஞ்சுத் துடிப்பு தானாக நிதானத்துக்கு வரும். வெட்கப்பட்டு உதட்டுக்குள் முணுமுணுப்பவர்களுக்குத்தான் தாளமும் தவறுகிறது, கூச்சமும் போக மாட்டேன் என்கிறது.

அடுத்தது, எங்கே நிற்பது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் கடைசி வரிசைக்கு ஓடுவார்கள். நட்டுவாங்கச் சத்தம், அதாவது தாளம் தட்டிச் சொல் சொல்லும் சத்தம், அங்கே சரியாகக் கேட்காது. டீச்சரின் கால் தெரியாது. “பின்னால் திரும்புங்கள்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். பார்த்துச் செய்ய முன்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதனால் இரண்டாம் வரிசையில் நில்லுங்கள். எதிரே அடவு தெரிந்த ஒருவர், பின்னால் இன்னும் சிலர். அதைவிடப் பத்திரமான இடம் வகுப்பில் கிடையாது.

கண்ணாடி விஷயத்தில் மற்ற ஆசிரியர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. இப்போது வகுப்புகளில் சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்கிறார்கள். பெரியவர்கள் வகுப்பில் முதல் ஒரு மாதம் அதன் மேல் பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டுவிடுவேன். அரைமண்டியை, அதாவது முழங்காலை இருபுறமும் மடக்கிப் பாதி உட்காரும் நிலையை, திருத்தக் கண்ணாடி வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் மாதத்தில் யாரும் அதில் அரைமண்டியைப் பார்ப்பதில்லை, தன் இடுப்புச் சுற்றளவைத்தான் பார்க்கிறார்கள்.

அரைமண்டி என்றதும் இன்னொன்று. பத்து வயசுப் பிள்ளை உட்காருகிற மாதிரி முதல் நாளே உட்கார முயலாதீர்கள். தொடை வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து. அங்கே திறக்காதபோது பாதத்தை மட்டும் பலவந்தமாகத் திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். கால்விரல் பார்க்கிற திசையில்தான் முட்டியும் போக வேண்டும். குழந்தை பிறந்த பிறகு நான் மறுபடி ஆட வந்தபோது, ஒரு வகுப்பில் எல்லோர் முன்னாலும் “இவங்களுக்கு இடுப்பு இறங்கல, பாருங்க” என்று காட்டினார்கள். அவமானத்தில் அமுக்கி உட்கார்ந்தேன். நாலு மாதம் மாடிப்படி ஏற முடியவில்லை. சொல்லித் தருகிறவர்கள் இங்கே இருந்தால் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கற்க வந்தவரை உதாரணமாக நிறுத்தாதீர்கள்.

வயசைச் சொல்லித் தயங்குகிறீர்கள். கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி பிறந்தது 1904இல். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதம் கற்று அடையாறில் அவர் மேடையேறியது 1935இல். கல்யாணமாகிப் பல வருஷம் ஆன பிறகு, 31 வயதில். இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பரத ஆசான் திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் 1945இல் பம்பாயில் இராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் என்ற நடனப் பள்ளியைத் தொடங்கினார்கள். தமிழ் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் இந்த நகரத்தில் தை யா தை சொல்லித்தான் ஆட வந்தார்கள். அர்த்தம் தெரிந்தா தொடங்கினார்கள்?

வீட்டில் பழக இடமில்லை என்பீர்கள். ஒரே அறை வீடு, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். தட்ட வேண்டாம். பாயை மடித்துப் போட்டு, பாதத்தை வைத்து வைத்து எடுங்கள், சொல்லை மட்டும் விடாதீர்கள். டோம்பிவிலி அம்மா லேடீஸ் கம்பார்ட்மெண்டில் துப்பட்டாவுக்கு அடியில் விரல் பழகினார். பதாகம், திரிபதாகம், அர்த்தபதாகம், கர்த்தரீமுகம் என்று ஒற்றைக்கை முத்திரைகள் 28ஐயும் ரயிலிலேயே முடித்துவிட்டார். போன விஜயதசமிக்குச் சலங்கை கட்டினார். கட்டும்போது கை நடுங்கியது, பக்கத்தில் இருந்து நானே பார்த்தேன். ஆடினார்.

போதும், பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். எல்லோரும் செருப்பைக் கழற்றுங்கள். நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் உட்கார்ந்தபடியே செய்யலாம். கை இடுப்பில். சொல்லை நானும் உங்களோடு சொல்கிறேன். முதலில் வலக்கால்.