வியன்டியான்ல ஒரே ஒரு நாள் கிடைச்சா தங்கலாமா, தாண்டிப் போயிடலாமா?

அடுத்த கேள்வி. மதுரையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அண்ணா, நானும் என் தோழியும் ஜனவரியில ஆளுக்கு ஒரு முதுகுப் பையோட கிளம்புறோம். பாங்காக்ல நாலு நாள், அங்கிருந்து ராத்திரி ரயில்ல லாவோஸ், அப்புறம் லுவாங் பிரபாங். நடுவுல வியன்டியான்ல ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கிடைக்குது. தலைநகரம்னு பேருதான், அங்க ஒண்ணுமே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. இறங்கின கையோட அடுத்த ரயிலைப் பிடிச்சிடலாமா?"

வேண்டாம்மா. தங்குங்க. நானும் முதல் தடவை போனப்ப அப்படித்தான் நினைச்சு, ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். ரெண்டாவது தடவை ஒரு முழு நாள் இருந்தப்பதான் எதை விட்டுட்டுப் போயிருக்கேன்னு புரிஞ்சுது.

பாங்காக்ல நீங்க எப்படியும் அரண்மனைக்குப் போவீங்க. அங்க வாட் ப்ரா கேவ் கோயில்ல மரகத புத்தர் இருக்கார். சின்ன சிலை, ரெண்டடி உயரம்தான் இருக்கும். அதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. அந்தச் சிலை 200 வருஷத்துக்கும் மேல லாவோஸ்லதான் இருந்தது. முதல்ல லுவாங் பிரபாங்ல. அப்புறம் செத்தாதிராத்ங்கிற ராஜா தலைநகரத்தை வியன்டியானுக்கு மாத்தினப்ப சிலையும் கூடவே வந்தது. 1565-ல அதுக்குன்னே ஒரு கோயில் கட்டினார். ஹோ ப்ரா கேவ்னு பேரு. 1779-ல சயாம், அதாவது இப்ப இருக்கிற தாய்லாந்து, அதோட படை வந்து நகரத்தைப் பிடிச்சு, சிலையை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. இப்ப உங்க பயணத்தைப் பாருங்க. பாங்காக், வியன்டியான், லுவாங் பிரபாங். அந்தச் சிலை போன பாதையில நீங்க எதிர்த்திசையில போறீங்க. நடுவுல இருக்கிற ஊரைத் தாண்டிட்டா கதையில பாதி போயிடும்.

ஹோ ப்ரா கேவ் இப்ப அருங்காட்சியகம். பழைய கட்டடமும் இல்லை, பிரெஞ்சுக்காரங்க காலத்துல திருப்பிக் கட்டினது. உள்ள போனீங்கன்னா வேற சிலைகள் நிறைய இருக்கும், எந்தச் சிலைக்காகக் கட்டினாங்களோ அது மட்டும் இருக்காது. பாங்காக்ல பார்த்துட்டு நேரா அங்க வந்து நிக்கும்போது மனசு என்னமோ பண்ணும்.

ரோட்டைத் தாண்டினா எதிர்லயே வாட் சி சாக்கெத். வியன்டியானை ஆண்ட அனுவோங் ராஜா 1818-ல கட்டினது. அவர் சின்ன வயசுல பாங்காக் அரண்மனையில இருந்தவர். அதனால கோயிலும் சயாம் பாணியிலதான் இருக்கும். பின்னாடி அவரே சயாமை எதிர்த்துக் கிளம்பினார். 1828-ல சயாம் படை ஊரையே தரைமட்டம் ஆக்கிடுச்சு. இந்தக் கோயில் மட்டும் தப்பிச்சது. தங்களோட பாணியில இருந்ததால விட்டுட்டாங்கன்னு சொல்றாங்க. சுத்துப் பிராகாரச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள், ஒவ்வொண்ணுலயும் புத்தர். ஒரு பக்கம் கம்பிக்குப் பின்னாடி உடைஞ்ச சிலைகளைக் குவிச்சு வச்சிருப்பாங்க. அவசரப்படாம அங்க ஒரு மணி நேரம் உட்காருங்க. ரெண்டு கோயிலுக்கும் தோளும் முட்டியும் மூடின துணிதான் போட்டுக்கணும்.

பதூசாய்ங்கிற வளைவு வழியில வரும். விமான நிலையத்துக்குன்னு அமெரிக்கா குடுத்த சிமென்ட்ல கட்டினதுன்னு சொல்லுவாங்க. மேல ஏறிப் பார்த்துட்டு இறங்குங்க, அரை மணி போதும். தங்க நிறத்துல இருக்கிற தாட் லுவாங் ஸ்தூபி கொஞ்சம் தள்ளி இருக்கு. நேரம் இருந்தா போங்க, இல்லைன்னா விட்டுடுங்க.

மத்தியானம் நீங்க விடவே கூடாத இடம் ஒண்ணு இருக்கு. கோப் மையம். கை கால் இழந்தவங்களுக்குச் செயற்கை உறுப்பு செய்ற மறுவாழ்வு மையத்தோட வளாகத்துல, பார்வையாளர்களுக்குன்னு வச்சிருக்கிற கூடம். 1964-ல இருந்து 1973 வரைக்கும் அமெரிக்கா லாவோஸ் மேல 20 லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டுச்சு. ஒன்பது வருஷம், ராத்திரி பகல் பார்க்காம, சராசரியா 8 நிமிஷத்துக்கு ஒரு விமானம் நிறைய குண்டு. அதுல கொத்துக் குண்டுகள்னு ஒரு வகை. பெரிய உறை வானத்துலயே திறந்து, பந்து அளவுல நூத்துக்கணக்கான குண்டுகள் சிதறும். அப்படி விழுந்தது 27 கோடி. அதுல மூணுல ஒரு பங்கு வாக்குல வெடிக்காமலே மண்ணுக்குள்ள போயிடுச்சு. போர் முடிஞ்சு அரை நூற்றாண்டு ஆகியும் வயல்ல மண்வெட்டி போடுறவங்களும், பந்துன்னு நினைச்சு எடுக்கிற குழந்தைகளும் அடிபடுறாங்க. பழைய இரும்புன்னு எடை போட்டு விக்கலாம்னு தோண்டுறவங்களும்தான்.

அந்தக் கூடத்துல கூரையில இருந்து அந்தப் பந்துக் குண்டுகளைத் தொங்க விட்டிருக்காங்க. ஒரு பக்கம், மரத்துலயும் மூங்கில்லயும் தகரத்துலயும் ஜனங்க தங்களுக்குத் தாங்களே செஞ்சு வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டு நடந்த கால்கள். என்னால அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் பேச முடியலை. கட்டணம் கிடையாது. உங்களால முடிஞ்சதை உண்டியல்ல போட்டுட்டு வாங்க.

சாயந்திரம் மேகாங் கரைக்கு நடந்துடுங்க. எதிர்க்கரை தாய்லாந்து. கரைப் பூங்காவுல அனுவோங் ராஜாவோட பெரிய சிலை, ஆத்தைப் பார்த்துக் கையை நீட்டிக்கிட்டு நிக்கும். காலையில கோயில்ல அவர் கதையைத் தெரிஞ்சுக்கிட்டவங்களுக்கு அந்தக் கை எதைப் பார்த்து நீளுதுன்னு புரியும். அங்கயே இரவுச் சந்தை, சிவப்புக் கூடாரங்கள். சாப்பாட்டுக்குக் கௌ நியாவ்னு மூங்கில் கூடையில ஒட்டுச்சோறு வரும். கையால உருட்டிச் சாப்பிடுறது, நமக்குச் சிரமமே இல்லை. சைவம்னா கவனம். பப்பாளிக்காய் சாலட்ல கூடப் பதேக்னு ஊற வச்ச மீன் சாறு ஊத்துவாங்க. "போ சாய் பதேக்"னு சொல்லுங்க, ஊத்த வேண்டாம்னு அர்த்தம். இன்னொண்ணு, இலவசமா ஊத்திக் குடுக்கிற சாராயத்தை எங்கயும் தொடாதீங்க. 2024 நவம்பர்ல வாங் வியேங்ங்கிற லாவோஸ் ஊர்ல மெத்தனால் கலந்த சரக்கு குடிச்சு ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்துட்டாங்க.

விசாவுக்கு அமெரிக்க டாலர், கிழிசல் கசங்கல் இல்லாத நோட்டா வச்சுக்குங்க. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுத்துக்குங்க. லாவோஸ் பணம் கிப், அதை அன்னிக்குத் தேவையான அளவு மட்டும் மாத்துங்க, நாட்டை விட்டு வெளிய வந்தா மாத்துறது கஷ்டம். வண்டி கூப்பிட லோக்கான்னு ஒரு ஆப் இருக்கு, பேரம் பேசுற வேலை மிச்சம்.

முக்கியமா ரயில் விஷயம். பாங்காக் ரயில் வந்து நிக்கிறது கம்சவாத் ஸ்டேஷன். லுவாங் பிரபாங் போறது லாவோஸ்–சீனா ரயில், அதுக்கு ஸ்டேஷன் வேற. ரெண்டும் ஊருக்கு வெளிய, வேற வேற இடம். 2021 டிசம்பர்ல அந்தப் பாதை திறந்ததுல இருந்து ரெண்டு மணி நேரத்துல போயிடலாம், ஆனா டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துடும், முன்னாடியே போட்டுடுங்க. உள்ள விமான நிலையம் மாதிரியே சோதனை. கத்தி, கத்தரிக்கோல், ஸ்ப்ரே டப்பா எதுவும் பையில இருக்கக் கூடாது. ஊர்ல இருந்து நல்லா முன்னாடியே கிளம்பிடுங்கம்மா.