ஙப் போல் வளைஞ்சவர்: திபெத்தின் முதல் சேர்மன் கதை

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு ஒருத்தரைப் பத்தி பேசலாம்னு வந்திருக்கேன், அவர் பேரை நம்ம தமிழ்ல எழுதுறது மாதிரி வேற எந்த மொழிலயும் அவ்ளோ சுலபமா எழுத முடியாதுன்னு நெனைக்கிறேன். ஙாபோ ஙவாங் ஜிக்மே. ஆமா, 'ங'தான். நம்ம அரிச்சுவடில சும்மா உக்காந்திருக்கிற எழுத்து, அதுல ஆரம்பிக்கிற ஒரு வார்த்தை சொல்லுன்னா முழிப்போமே, அந்த ங திபெத்துல சர்வசாதாரணமா பேருக்கு முன்னாடி வந்து நிக்குது. நாம சின்ன வயசுல படிச்ச ஒரே ங வரி "ஙப் போல் வளை". இந்த மனுஷன் பேரும் ஙாபோ, வாழ்க்கை பூரா செஞ்சதும் அதுதான்னு அவரைத் திட்றவங்க சொல்வாங்க. நான் அப்படி ஒரே வார்த்தைல முடிக்க மாட்டேன், ஆனா வளைஞ்சார்ங்கறது உண்மைதான்.

1910 பிப்ரவரில லாசால பொறந்தவர். பிரபு குடும்பம். ஙாபோங்கற பேரே கல்யாணம் பண்ணின வீட்டு வழியா வந்ததுதான், அங்கெல்லாம் எஸ்டேட் பேருதான் குடும்பப் பேரு. 1936ல திபெத் ராணுவத்துல சேந்தாரு, படிப்படியா மேல வந்து 1950ல அமைச்சரவைல எடம், கூடவே கிழக்குல சாம்தோ ஊருக்கு கவர்னர் வேலை. அந்த நேரத்துல அது எப்பேர்ப்பட்ட வேலைன்னா, ஆத்துக்கு அந்தப்பக்கம் மாவோவோட படை ரெடியா நிக்குது, இந்தப்பக்கம் மொத்த திபெத் ராணுவமே எட்டாயிரம் பேர் சொச்சம்தான். முன்னாடி இருந்த கவர்னர் ஆரம்பிச்ச அரண் வேலையெல்லாம் இவர் வந்து நிறுத்திட்டாருன்னு இன்னைக்கும் குத்தம் சொல்றாங்க. சண்டை போட்டு ஜெயிக்க முடியாதுன்னு அவருக்கு முதல்லயே தோணியிருக்கு.

இங்கதான் ரேடியோ வருது. ரேடியோல பேச கூப்பிட்டப்போ நான் இந்தக் கதைய எடுத்ததுக்கு காரணமே இதுதான். சாம்தோல ஒரு வயர்லெஸ் செட் இருந்துச்சு, அதை ஓட்டினது ராபர்ட் ஃபோர்ட்னு ஒரு இங்கிலாந்துக்காரர், திபெத் அரசாங்கம் சம்பளம் குடுத்து வச்சிருந்த ஆளு. 1950 அக்டோபர் முதல் வாரம் முடியுறப்போ சீனப் படை, ஏறக்குறைய நாப்பதாயிரம் பேர், ஆறு தாண்டி வந்துட்டாங்க. கவர்னர் ஆபீஸ்லேர்ந்து லாசாவுக்கு தந்தி மேல தந்தி, என்ன செய்யணும்னு சொல்லுங்கன்னு. பதிலே இல்ல. 15ஆம் தேதி ஙாபோவோட உதவியாளர் வயர்லெஸ்ல லாசாவ நேரா புடிச்சு கேக்குறாரு, அந்தப்பக்கம் என்ன பதில் வருதுன்னா, அமைச்சருங்க எல்லாரும் பிக்னிக் போயிருக்காங்க, இப்ப தொந்தரவு பண்ண முடியாது. நாடு போயிட்டிருக்கு சார், பிக்னிக்! அதுக்கு சாம்தோகாரர் பிக்னிக்க பத்தி சொன்ன வார்த்தைய நான் இந்த மைக்ல சொன்னா நிலையத்தார் என்னை மறுபடி கூப்பிட மாட்டாங்க.

அப்புறம் நடந்தது நாலே நாள்ல முடிஞ்சுது. ராத்திரியோட ராத்திரியா ஙாபோ ஊரை விட்டு கெளம்பிட்டாரு, ஆயுதக் கிடங்க வெடிக்க வச்சிட்டு. வயர்லெஸ் ஃபோர்டுகிட்ட கூட சொல்லல. 19ஆம் தேதி வாக்குல ஒரு மடத்துல வச்சு சரணடைஞ்சாரு. ஃபோர்ட் மாட்டினாரு, உளவாளின்னு சொல்லி கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் சீனச் சிறை. ஙாபோவுக்கு என்ன கிடைச்சுது தெரியுமா, சாம்தோவுக்கு சீனா அமைச்ச விடுதலைக் கமிட்டில பதவி. ரெண்டு பேரோட கதி எப்படி பிரிஞ்சுது பாருங்க.

அடுத்த வருஷம் ஏப்ரல்ல அஞ்சு பேர் குழுவுக்கு தலைவரா பெய்ஜிங் போறாரு. 1951 மே 23, பதினேழு அம்ச ஒப்பந்தம், கையெழுத்து. திபெத் சீனாவோட பகுதின்னு ஒத்துக்கணும், பதிலுக்கு உள்ளூர் ஆட்சிமுறைய மாத்த மாட்டோம், தலாய் லாமா பதவிய தொட மாட்டோம்னு வாக்குறுதி. கையெழுத்து போட லாசாவுல கேட்டாரான்னா கேக்கல. முத்திரை கூட பெய்ஜிங்லயே புதுசா செஞ்சதுதான். அவர்கிட்ட கவர்னர் முத்திரை இருந்துச்சு, அத வைக்கலன்னு அவரே பின்னாடி சொன்னதா தலாய் லாமா பக்கம் சொல்றாங்க. பதினாறு வயசு கூட நிரம்பாத தலாய் லாமா அப்ப இந்திய எல்லை பக்கத்துல ஒரு மடத்துல இருந்தாரு, இந்த விஷயமே அவருக்கு எப்படி தெரிஞ்சுதுன்னா ரேடியோல. பேட்டரில ஓடுற ஒரு பழைய செட்டு, தனியா உக்காந்து பீகிங் ரேடியோவோட திபெத்திய ஒலிபரப்ப கேட்டுட்டு இருக்காரு, திடீர்னு உன் நாடு கையெழுத்து போட்டுடுச்சுன்னு செய்தி. நெனைச்சு பாருங்க. அந்த அக்டோபர்ல ஒப்பந்தத்த ஏத்துக்கறதா தலாய் லாமா பேர்ல மாவோவுக்கு தந்தி போச்சு, 1959ல இந்தியா வந்ததும் அவர் மிரட்டி வாங்கினதுன்னு சொல்லி நிராகரிச்சாரு.

அந்த 1959 மார்ச் இன்னும் கஷ்டமான இடம். நோர்புலிங்கா அரண்மனைய சுத்தி ஜனக்கூட்டம், தலாய் லாமாவ வெளில விட மாட்டோம்னு. சீன ராணுவ முகாம்லேர்ந்து ஙாபோ ஒரு கடிதம் அனுப்புறாரு, நீங்க எந்த கட்டடத்துல இருக்கீங்கன்னு அடையாளம் போட்டு அனுப்புங்க, அதுல குண்டு விழாம பாத்துக்கறேன்னு. இத எப்படி எடுத்துக்கறது? உயிர காப்பாத்த பாத்தாருன்னும் சொல்லலாம், எதிரி கூடாரத்துல உக்காந்துட்டு எழுதின கடிதம்னும் சொல்லலாம். ரெண்டுமே சரின்னு எனக்கு படுது. மறுநாள் ராத்திரி, 17ஆம் தேதி, தலாய் லாமா சிப்பாய் வேஷத்துல வெளியேறிட்டாரு.

சரி, பதவிக்கு வருவோம். தலாய் லாமா போனப்புறம், அவருக்கு அடுத்த பெரிய லாமாவான பஞ்சென் லாமா திபெத்துலயே இருந்து தன்னாட்சிப் பகுதிக்கான தயாரிப்புக் கமிட்டிய தற்காலிகத் தலைவரா நடத்தினாரு, ஆனா 1962ல ஜனங்க படுற பாட்டையெல்லாம் எழுபதாயிரம் எழுத்துல மனுவா எழுதி பெய்ஜிங்குக்கு குடுத்தாரு, 1964ல பதவி போச்சு. அந்த நாற்காலில கொண்டாந்து உக்கார வச்சது ஙாபோவை. 1965 செப்டம்பர்ல திபெத் தன்னாட்சிப் பகுதி உருவானப்போ முதல் சேர்மன் அவர்தான். ஒரு வருஷத்துல கலாசாரப் புரட்சி, செங்காவலர்கள்னு மாவோவோட இளைஞர் கூட்டம், அவங்க கைல சிக்காம பெய்ஜிங்ல வச்சு காப்பாத்தினது பிரதமர் சௌ என்லாய். 1968ல புரட்சிக் கமிட்டின்னு வந்து தலைமை ஒரு ஹான், அதாவது சீனாவோட பெரும்பான்மை இனத்து, ராணுவ அதிகாரிக்கு போயிடுச்சு. மறுபடி 1981லேர்ந்து 83 வரைக்கும் ரெண்டாவது தடவை சேர்மன்.

இந்த சேர்மன் பதவிய கொஞ்சம் புரிஞ்சுக்கணும், நம்மூர் முதலமைச்சர் மாதிரின்னு நெனைச்சா தப்பு. சீனாவோட 1982 அரசியல் சட்டம் 114ஆவது பிரிவு, தன்னாட்சிப் பகுதியோட தலைவர் அந்த இனத்துக்காரரா இருக்கணும்னு சொல்லுது. அதனால சேர்மன் திபெத்தியர். ஆனா கட்சிச் செயலாளர்னு ஒருத்தர் இருக்காரு, சாவி அவர் கைல, அந்த பதவில இதுவரைக்கும் ஒரு திபெத்தியர் கூட உக்காந்ததில்ல. பெரும்பாலும் ஹான், எண்பதுகள்ல ஒரே ஒரு தடவை யி இனத்துக்காரர். 1988ல செயலாளரா வந்த ஹூ ஜிந்தாவ், அடுத்த வருஷம் லாசாவுல ராணுவச் சட்டம் போட்டப்போ இருந்தவர், பின்னாடி நாட்டுக்கே அதிபர் ஆனாரு. திபெத்திய சேர்மனுங்க எங்க போவாங்கன்னா தேசிய மக்கள் காங்கிரஸ்ல துணைத் தலைவர், அதோட சரி. சியாங்பா புன்சோக், பத்மா சோலிங், லோசாங் ஜம்சன், மூணு பேரும் அதே ரூட்டுதான். அந்த ரூட்ட போட்டு வச்சதே ஙாபோ, அறுபதுகள்லயே அவர் அங்க துணைத் தலைவர்.

அப்ப ஒண்ணுமே செய்யலையா? செஞ்சாரு, அதுவும் வயசான காலத்துல. 1987ல திபெத் மொழிய பள்ளிக்கூடத்துலயும் ஆபீஸ்லயும் பயன்படுத்தணும்னு ஒரு விதி வந்துச்சு, அதுக்கு பின்னாடி நின்னது திரும்பி வந்த பஞ்சென் லாமாவும் இவரும்தான். 2002ல அத திருத்தி நீர்க்க வச்சுட்டாங்க, அது வேற. 1989ல இன்னொண்ணு. 1940ல தலாய் லாமா பட்டாபிஷேகத்துக்கு அப்ப சீனாவ ஆண்ட கோமிண்டாங் கட்சித் தலைவர் சியாங் கை ஷேக்கோட தூதர்தான் தலைமை தாங்கினாருன்னு சீனத் தரப்பு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்துச்சு, அது பொய், கோமிண்டாங் சொன்ன பொய்ய நாம எதுக்கு சொல்லணும்னு வெளிப்படையா பேசினாரு. அரசு பத்திரிகைலயே வந்துச்சு. எழுபத்தொம்போது வயசுல அப்படி ஒரு நிமிர்வு.

2009 டிசம்பர் 23, பெய்ஜிங்ல காலமானாரு, 99 வயசு. சீன அரசு பெரிய தேசபக்தர்னு இரங்கல் சொல்லிச்சு. தர்மசாலாவுல இருக்கிற நாடுகடந்த அரசும் இரங்கல் சொல்லிச்சு, நேர்மையானவர், தேசபக்தர்னு, மொழிக்கு பண்ணினத குறிப்பிட்டு. ரெண்டு பக்கமும் தேசபக்தர்ங்கறாங்க, எந்த தேசம்ங்கறதுதான் வேற வேற.

அவரோட பையன் ஒருத்தர் அமெரிக்கா போயிட்டாரு. அங்க வாஷிங்டன்ல ரேடியோ ஃப்ரீ ஏசியாவோட திபெத்திய சேவைக்கு தலைவராவே இருந்தாரு, சீனா ஜாம் பண்ணி தடுத்த ஒலிபரப்பு அது. அப்பா பெய்ஜிங்ல அரசு பதவில இருந்தாரு, பையன் குழு தயாரிச்ச செய்தி சிற்றலைல இமயமலைய தாண்டி லாசாவுக்கு போச்சு, கரகரன்னு சத்தத்துக்கு நடுவுல யாரோ காதை வச்சு கேட்டாங்க. இன்னும் சொல்லலாம், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தம்பி நேரமாச்சுன்னு கை காட்டுறாரு. வணக்கம்.